மூன்று பள்ளிக்கூடத்துக்கு ஒரே புத்தகம்

காலை ஆறே முக்காலுக்கு முகப்பேரில் தம்பி வீட்டிலிருந்து கிளம்பினேன். வெளியூரிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் கடற்கரைக்குப் போவார்கள், புடவைக் கடைக்குப் போவார்கள். நான் அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் போனேன். "கிரகப்பிரவேசத்துக்கு லீவு போட்டு வந்தும் பள்ளிக்கூடமாக்கா?" என்று தம்பி பால் பாக்கெட்டும் கையுமாக நின்று சிரித்தான். கோவில்பட்டிப் பக்கம் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். இன்னொரு பள்ளிக்கூடத்தைப் பார்க்க யாராவது கூப்பிட்டால் கால் தானாகக் கிளம்பிவிடுகிறது.

அது தொண்ணூற்று நான்கு நவம்பர். முந்தின நாள் பெய்த மழையில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் தெருக்கள் எல்லாம் சேறு. பஸ்ஸில் ஒன்றரை ரூபாய் டிக்கெட். உட்கார இடம் கிடைக்கவில்லை, என் செருப்பின் மேல் ஒருவர் நின்றுகொண்டே வந்தார். அம்பத்தூரில் இறங்கும்போது மணி ஏழரை.

நடைமேடையில் ஸ்டெல்லா காத்திருந்தாள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். கண் தெரியாத பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தனியாகப் பயின்றவள். பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று மூன்று ஊரில் மூன்று சாதாரணப் பள்ளிக்கூடங்கள். ஒவ்வொன்றிலும் ஆறாம் வகுப்பில் பார்வையில்லாத பிள்ளை ஒன்று. அந்த மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து இவள் ஒருத்திதான் சிறப்பு ஆசிரியை. வாரம் முழுக்க ரயிலிலேயே குடியிருக்கிறாள்.

பட்டாபிராமுக்கு இரண்டு டிக்கெட் எடுத்தோம், ஆளுக்கு இரண்டு ரூபாய். பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான் தூரம். காலையில் எல்லோரும் சென்ட்ரல் பக்கம் போவதால் எங்கள் வண்டி காலியாக இருந்தது. அவள் மடியில் ஒரு ஒயர் கூடை. என் கைப்பையை அதன் மேல் வைத்ததுதான் தாமதம், வெடுக்கென்று எடுத்து என் மடியிலேயே போட்டாள்.

"ஏண்டி, என் பைக்கு என்ன தொத்து வியாதியா?"

"புள்ளி அமுங்கிடும்டி. அமுங்கினா அந்த எழுத்து செத்துது."

கூடையைத் திறந்து காட்டினாள். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய ஒரு கனத்த புத்தகம். உள்ளே மை ஒரு பொட்டுக்கூட இல்லை, பக்கம் முழுக்க மேலெழுந்த புள்ளிகள்தான். ஆறாம் வகுப்பு அறிவியல். எங்கள் ஊரில் பையன்கள் சுருட்டிக் கால்சட்டைப் பையில் செருகுகிற அந்தச் சின்னப் புத்தகம், புள்ளி எழுத்தில் மூன்று கனத்த பாகங்களாக விரிந்திருந்தது. யாரோ புண்ணியவான்கள் உட்கார்ந்து கையால் குத்திக் கொடுத்தது. கூடையில் இருந்தது அதில் மூன்றாம் பாகம். இருப்பது ஒரே பிரதி. அடுத்தது தயாராக வருடக் கடைசி ஆகும்.

ஒரு பிரதி, மூன்று பள்ளி. ஜூன் மாதம் மூன்று பள்ளி ஆசிரியர்களும் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பட்டாபிராமில் முதல் பாகத்தை நடத்துவது, ஆவடியில் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குவது, அம்பத்தூரில் மூன்றாம் பாகத்திலிருந்து. முடித்ததும் புத்தகத்தைச் சுற்றில் விடுவது. ஒரு பிள்ளைக்காக வகுப்பு மொத்தமும் பாட வரிசையை மாற்றிக்கொண்டிருக்கிறது. கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. எங்கள் பள்ளியில் பீரியடு மாற்றச் சொன்னாலே இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டோம்.

"அப்புறம் என்ன கவலை?" என்றேன்.

"காலாண்டுப் பரீட்சை" என்றாள் ஸ்டெல்லா.

காலாண்டுக்கு எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள். அது முதல் பாடத்திலிருந்துதானே கேட்கும்! அத்தனை அனுபவமுள்ள ஆசிரியர்கள் கூடிப் பேசியும் ஒருவருக்குக்கூட அது நினைவில் வரவில்லை. பிள்ளைக்கு வழி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பரீட்சை என்ற ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள். பட்டாபிராம் பிள்ளைகள் தப்பித்தார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் வகுப்பே கவிழ்ந்தது. ஆவடியில் படிக்கும் பார்வையில்லாத பெண் கவிதாவும், கண் நன்றாகத் தெரிகிற மற்றவர்களும் அந்த ஒரு பரீட்சையில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லாமல் தோற்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

"ஆவடியில பெத்தவங்க சண்டைக்கு வந்துட்டாங்க. இன்னிக்கு மீட்டிங். பழைய வரிசைக்கே போங்கன்னு முடிவாச்சுன்னா மூணு ஸ்கூலுக்கும் ஒரே சமயத்துல ஒரே பாகம் வேணும், கவிதாவுக்குப் புத்தகம் இல்ல. புத்தகம் இல்லாம வச்சுக்க முடியாது, டவுன்ல ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடலாம்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டார்."

எட்டே கால் மணிக்குப் பட்டாபிராம். நிலையத்தை ஒட்டி ராணுவத்துக்கான தனித் தண்டவாளம், அதைத் தாண்டினால் பூசாத சுவரோடு புது வீடுகள், நடுவே பெட்டிக்கடைகள். பள்ளியில் தன் பார்வையில்லாத மாணவனோடு ஸ்டெல்லா இரண்டு பீரியடு இருந்தாள். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து, அவன் ஒரு பூவின் பாகங்களை விரலால் தடவிச் சொன்னதைக் கேட்டேன். கிளம்பும்போது அந்த வகுப்பின் அறிவியல் ஆசிரியரும் முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு ஆவடிக் கூட்டத்துக்கு எங்களோடு வந்தார்.

பதினொன்றரைக்கு ஆவடி. தூறல் பிடித்துக்கொண்டது. டாங்கித் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் பள்ளிக்கு ஆட்டோக்காரர் இருபது ரூபாய் கேட்டார். கோவில்பட்டியில் அந்தப் பணத்துக்கு ஊரையே இரண்டு சுற்று சுற்றலாம் என்றேன்.

"அப்ப கோயில்பட்டிலயே சுத்த வேண்டியதுதானே டீச்சர்? ரோடு இன்னா மாரி கீது பாரு, வண்டி முங்கிடும்."

கடைசியில் பதினைந்து ரூபாய்க்கு இறங்கி வந்தார். ஸ்டெல்லா கூடையை மடியில் அணைத்துக்கொண்டு, பள்ளத்தில் விடாமல் ஓட்டச் சொன்னாள். என்ன ஏது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவர், அப்புறம் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனார்.

கூட்டம் இரண்டு மணிக்கு. அதற்கு முன் மரத்தடியில் கவிதாவைப் பார்த்தேன். பக்கத்திலிருக்கும் பழைய கிராமத்துக்காரர்களின் பெண். எண்ணெய் வழிய வாரிய இரட்டைப் பின்னல், வாய் ஓயாத பேச்சு. பக்கத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் கலா. கரும்பலகையில் இருப்பதைக் கலா வாசிக்க, கவிதா ஊசியால் குத்திக் குத்தி எழுதிக்கொள்வாளாம். கவிதா என் விரலைப் பிடித்துப் புத்தகத்தில் வைத்து, "இன்னா எழுத்து சொல்லு டீச்சர்" என்றாள். எனக்கு எல்லாம் ரவையைத் தடவுவது போலத்தான் இருந்தது. "உனக்கு வராது. கலாவுக்கு அவ பேரு மட்டும் வரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அவளுடைய அம்மா தனலட்சுமி சற்றுத் தள்ளி நின்றார். "ஆஸ்டல்னு பேச்செடுத்ததுலேர்ந்து இது சரியா துன்றதில்ல. ராவுல என் முந்தானையப் புட்ச்சிகினுதான் தூங்குது. அங்க யாரு முந்தானையப் புடிக்கும்?" என்றார்.

கூட்டத்துக்கு அம்பத்தூர் பள்ளியின் தலைமையாசிரியையும் வந்திருந்தார். கண்டிப்பான முகம், கையில் மடித்த குடை. பெற்றோர் பக்கத்தில் முதலில் எழுந்தவர் கலாவின் அப்பா சண்முகம். தொழிற்சாலையில் பிட்டர். வாயைத் திறந்ததும் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தை முழுதாக அனுபவிக்கக்கூட விடவில்லை அவர் சொன்னது.

"நான் ஒண்ணும் அந்தப் பிள்ளைக்கு எதிரா பேச வரல சார். எம் மக அது பக்கத்துலதான் உக்காருதா. ஆனா எப்பவும் எண்பது வாங்குறவ முப்பத்தொண்ணு வாங்கிட்டு வந்து அழுதுட்டு நிக்கா. நடுவுலேர்ந்து பாடம் நடத்துனா பிள்ளைய என்ன செய்யும்? அரையாண்டுக்கும் இதே கதியா?"

அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் ஆசிரியைதான், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆவடித் தலைமையாசிரியர், ஹாஸ்டலில் நல்ல வசதி இருப்பதாகத் தொடங்கினார். வாசலருகே மகளோடு நின்ற தனலட்சுமி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்.

அப்போது அம்பத்தூர் அம்மையார் குடையால் தரையைத் தட்டினார். "எங்க வீட்டுக்காரரும் இதே பாக்டரிதான். ஒரு மெஷின்ல மூணு ஷிப்ட் ஓடுது. ஆள் மாறுறாங்க, மெஷின் சும்மா நிக்கறதில்ல. நாம பாடத்த மாத்திட்டோம், அதுதான் தப்பு. பீரியடை மாத்தியிருக்கணும். பட்டாபிராம்ல காலையில மொதல் பீரியடு சயின்ஸ், இங்க மத்தியானம், எங்க ஸ்கூல்ல கடைசி பீரியடு. மூணு இடத்துலயும் முதல் பாடத்துலேர்ந்து ஒரே பாடம். புத்தகம் தினம் வண்டியேறட்டும்."

"நாங்க முதல் பாகத்த முடிச்சாச்சேம்மா" என்றார் பட்டாபிராம் ஆசிரியர். ஒரு நிமிடம் மோவாயைத் தடவிவிட்டு, "சரி, எங்க பசங்களுக்குத் திருப்புதல்னு வச்சுக்கறேன். கெட்டா போயிடுவாங்க?" என்றார். எழுந்து போய் அவருக்குக் கை கொடுக்கலாம் போலிருந்தது எனக்கு.

ஆனால் யார் சுமப்பது? சாயங்காலம் அம்பத்தூரிலிருந்து பட்டாபிராமுக்குக் கொண்டுபோவதை ஸ்டெல்லா ஏற்றுக்கொண்டாள். பகலில் அவள் ஏதாவது ஒரு பள்ளியில் வகுப்பில் இருப்பாள். ஆசிரியர்கள் யாரும் பாதியில் கிளம்ப முடியாது. பழைய வரிசைக்கே போய்விடலாம் என்று தலைமையாசிரியர் மறுபடி வாயெடுத்தார். நான் கவிதாவின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பட்டாபிராம்லதான் வீடு கட்டியிருக்கேன்" என்றது திருநெல்வேலிக் குரல். சண்முகம் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "வர்ற வாரம் எனக்கு செகண்ட் ஷிப்ட். பகல் வண்டியிலதான் வருவேன். வர்ற வழியில இங்க குடுத்துட்டுப் போறேன். எம் மக முதல் பாடத்துலேர்ந்து படிச்சா எனக்குப் போதும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், முதல் ஷிப்ட் முடித்து அம்பத்தூருக்குத்தான் வீடு திரும்புவதாகச் சொன்னார். இன்னொருவர், ஷிப்ட் மாறும் வாரத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரையாண்டு வரைக்கும் பார்ப்போம்" என்றார். தனலட்சுமிக்கு அதுவே போதுமாக இருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "வா, ஊட்டுக்குப் போயி துன்னலாம்" என்றார்.

மாலை ஐந்தரை. ஆவடி நடைமேடை. மழை வலுத்துவிட்டது. நானும் ஸ்டெல்லாவும் அம்பத்தூர் பக்கம் போகும் வண்டிக்கு நின்றோம். அதே நடைமேடையின் மறுபக்கத்தில் சண்முகம், தோளில் கலாவின் பை, கையில் ஒயர் கூடை. திங்கட்கிழமை காலை பட்டாபிராம் பள்ளியில் தானே கொடுப்பதாகச் சொல்லி, அந்த ஆசிரியரிடமிருந்து முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு போகிறார். "புள்ளி அமுங்கிடும்" என்று ஸ்டெல்லா அவரிடம் எத்தனை தரம் சொன்னாள் என்று எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

எங்கள் ஊரிலும் ரயில் ஓடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, ஷிப்ட் பார்க்கும் மில்களும் தீப்பெட்டி ஆபீஸ்களும் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களை நாங்கள் பார்ப்பது விளையாட்டுப் போட்டியில்தான், அதுவும் நடுவரோடு சண்டை போடுவதற்கு. ஊருக்குப் போனதும் அவர்களைக் கூப்பிட்டு ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதுதான் முதல் வேலை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பட்டாபிராம் வண்டி சென்ட்ரலிலிருந்து பிதுங்கி வழிந்துகொண்டு வந்தது. முதலில் கலா ஏறினாள். சண்முகம் கூடையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, முதுகால் இடித்து உள்ளே நுழைந்தார். வாசலில் தொங்கிய ஒருவர் தன் சாப்பாட்டுப் பையை அந்தக் கூடைமேல் வைக்கப் போனார். சண்முகம் போட்ட சத்தத்தில் அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, கண்ணாடி சாமானா?"

"இல்லய்யா" என்றார் சண்முகம். "எம் மக கிளாஸ் புத்தகம்."