சுலோஜனா விட்ட சைபர்

சுலோஜனாவுக்கு நீந்தத் தெரியாது. வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பாள். ஆனால் எங்கள் சல்லி ஊர் வள்ளங்களுக்கு, கடலில் நிற்கும் இடத்தைக் காட்டும் பெட்டியைச் செய்து கொடுத்தவள் அவள்தான். திருகோணமலை டவுனில் ஒரு மாடியறை, ஒரு பழைய கணினி, அவ்வளவுதான் அவளுடைய தொழிற்சாலை. நான் ஜெயரூபி. மீனவர் சங்கத்தில் வானொலிச் செற்றுக்கு முன்னால் இருந்து வள்ளங்களோடு கதைப்பது என் வேலை. எனக்கு வாய் நீளம் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும்.

அந்தப் பெட்டிக்குள் விரல்நகம் அளவில் ஒரு சிப். இலக்கங்களைத் திரையில் எழுத, சி என்கிற கணினி மொழியில் 'பிரிண்ட்எஃப்' என்று ஆயத்தமாக ஒரு கட்டளை உண்டாம். அதற்கு முழு எண் தெரியும், தசமம் தெரியும். ஒரு டிகிரிக்கு அறுபது மினிட் என்று எங்கள் ஆட்கள் கதைக்கிற கணக்குத்தான் தெரியாது. சுலோஜனா அந்தக் கட்டளையை நீட்டி, 'கே' என்று ஒரு புதுக் குறியைச் சேர்த்தாள். கே என்றால் கடல். அந்தக் குறி வந்தால் டிகிரி, மினிட், புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் என்று திரையில் விழும். இரண்டு மாதம் அதோடேயே கிடந்தாள்.

"சும்மா கிடந்த சங்கை ஏனடி ஊதிக் கெடுக்கிறாய்? இருக்கிறதைப் போட்டு விடன்" என்றேன்.

"தசமத்தில காட்டினா, ஆடுற வள்ளத்தில நிண்டு ஆர் அக்கா கணக்குப் பார்க்கிறது?" என்றாள்.

போன தை மாதம் என் தம்பி கதிரவேல் வடக்கே புல்மோட்டைப் பக்கம் நாலு நாள் தொழிலுக்குப் போனான், தனியாக. எஞ்சின் நின்றுவிட்டது. வீம்பு பிடித்தவன், இரண்டு நாள் தானே திருத்திப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் காலைதான் செற்றில் வந்தான். எஞ்சின் நின்று இரண்டு நாள் என்பதையும் சொல்லவில்லை.

"எஞ்சின் நிண்டுபோச்சு. பெற்றறி முடியுது அக்கா, கெதியா எழுதுங்கோ. வடக்கு எட்டு, அஞ்சு, மூண்டு" என்றான். கிழக்கையும் சொன்னான். சத்தம் நின்றுபோனது.

எங்கள் கடலில் எவரும் புள்ளி சொல்வதில்லை. இலக்கங்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போவார்கள். மினிட்டுக்கு மூன்று இலக்கம் வர வேண்டும்; கடைசி இலக்கத்தை இரைச்சல் விழுங்கிவிட்டது என்று நினைத்து, எட்டு டிகிரி ஐம்பத்து மூன்று மினிட் என்று எழுதினேன். அது புல்மோட்டைப் பக்கம். அவன் போன இடமும் அதுதானே! எங்கள் சங்கத்து ஆனந்தராசா அண்ணை தன் வள்ளத்தை வடக்கே விட்டார்.

மத்தியானம் வரை தேடியும் ஆளைக் காணவில்லை. கேள்விப்பட்டு ஓடிவந்த சுலோஜனா நான் எழுதின கொப்பியைப் பார்த்தாள். கிழக்குக்கு மினிட் மூன்று இலக்கம், வடக்குக்கு இரண்டு. வடக்கில் விரலை வைத்தாள்.

"அக்கா, மினிட் பத்துக்குக் குறைஞ்சா முன்னுக்கு ஒரு சைபர் விழோணும். நான் அதை எழுத மறந்திட்டன். அது ஐம்பத்து மூண்டில்லை, அஞ்சு புள்ளி மூண்டு. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கு. வெருகலுக்கும் தெற்க நிக்கிறார்."

ஏறக்குறைய நாற்பத்தெட்டுக் கடல்மைல் பிழை. நான் அவளை ஏசினேன். ஏசியது முழுவதையும் இங்கே எழுத ஏலாது. "என்ர தம்பிக்கு ஏதும் நடந்தா நீ இந்த ஊரில இருக்க மாட்டாய்" என்பது அதில் மரியாதையான பகுதி.

அவள் செற்றை வாங்கி ஆனந்தராசா அண்ணையைத் தெற்கே திருப்பினாள். பிறகு அதே பெட்டியோடு கடலில் நின்ற பதினொரு வள்ளங்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள்.

"நான் சுலோஜனா. பெட்டியில பிழை. என்ர பிழை. மினிட் ஒற்றை இலக்கமா வந்தா முன்னுக்குச் சைபர் சேர்த்து வாசியுங்கோ."

மெஷின் கோளாறு என்று மழுப்பியிருக்கலாம். பதினொரு தரமும் "என்ர பிழை" என்றே சொன்னாள். இரண்டு பேர் திருப்பி ஏசினார்கள். "ஓம் அண்ணை" என்று கேட்டுக்கொண்டாள்.

பொழுதுபடும் நேரம் ஆனந்தராசா அண்ணையின் செற்றிலிருந்து என் தம்பியின் குரல் வந்தது. எனக்கு அழுகைதான் வந்தது. சுலோஜனாதான் கதைத்தாள்.

"அண்ணா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, என்ர..."

"தெரியும் தங்கச்சி" என்றான் அவன். "கதைக்கத்தான் பெற்றறி காணாது, கேட்கப் போதுமா இருந்தது. நீங்கள் ஒவ்வொரு வள்ளமாச் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். கடைசியா அரைப் போத்தல் தண்ணி வைச்சிருந்தனான். அண்ணையை நீங்கள் தெற்க திருப்பினதைக் கேட்ட பிறகுதான் அதைக் குடிச்சனான்."