குடத்தில் வெட்டிய விலாசம்

இதில் ஒருவர் பேரும் வராது, ஒரு வீட்டின் விலாசமும் வராது. பேரை அடித்துவிட்டு விலாசத்தை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

செட்டிநாட்டுக்காரர்கள் விலாசம் என்று சொல்வது தபால்காரருக்கான விலாசம் இல்லை. பாட்டன், தகப்பன் பேர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. கடைப் பலகையில் அது இருக்கும். ரங்கூனிலிருந்து வந்து இறங்கும் பெட்டியில் இருக்கும். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் குடம், அண்டா, கரண்டி வரைக்கும் அந்த எழுத்துகளை வெட்டித்தான் கொடுப்பார்கள். பந்தியில் பாத்திரம் மாறிப்போனால் எழுத்தைப் பார்த்து அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

நான் அந்தச் சமூகத்தில் பிறந்தவள் இல்லை. சிவகங்கைப் பக்கம் விவசாயக் குடும்பம். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு, 1930களின் தொடக்கத்தில் காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் யூனியன் போர்டு நர்சாக வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வேலையும் நன்றாக வரும். இரண்டும் தெரிந்துதான் என்னை வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருடம் சயரோகம், அதாவது காசநோய், அதிகமாக இருந்தது. எத்தனை வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்துக்கு எழுதிக் கேட்க முடியும் என்று டாக்டர் சொன்னார். விசாரித்து எழுதிவிடலாம் என்று போர்டு தீர்மானம் போட்டது. ஆனால் ஆம்பிளைகளில் பாதிப் பேர் பர்மாவிலும் மலேயாவிலும். வீட்டில் இருப்பது பெண்கள். அவர்கள் போர்டு குமாஸ்தாவிடம் இருமலைப் பற்றிப் பேசுவார்களா? ஆகவே என்னை அனுப்பினார்கள். முன்னதாக, போர்டுத் தலைவரே தண்டோரா போடச் சொன்னார். "இஷ்டமிருக்கவுக சொல்லலாம், இஷ்டமில்லாதவுக விட்ரலாம், சொன்னது வெளிய போகாது." தெருத் தெருவாக இதைச் சொல்லிக்கொண்டு போனான் தண்டோராக்காரன்.

அந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். கோட்டை மாதிரி வீடு ஒன்றுதான், அடுப்பு நாலு இருக்கும். நான் அடுப்புக்கு ஒரு தாள் எழுதினேன். மேலே விலாசமும் எத்தனையாவது அடுப்பு என்பதும், அதன் கீழே அந்த அடுப்புக்காரப் பெண்ணின் பேர், அதற்கும் கீழே கேள்விகள். ஊரில் கதவு எண் கிடையாது. டாக்டர் திரும்பி வந்து வைத்தியம் பார்க்க வேண்டுமானால் விலாசம் வேண்டும்.

முதலில் எனக்கு மோர் மட்டும் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு வீட்டில் உள்முற்றத்தை ஒட்டிய இரண்டாங்கட்டில் இருந்த ஆச்சி ஒருவர் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். அவர் தண்ணீர் குடிக்கும் டம்ளர் மட்டும் தனியாக ஜன்னலில் கவிழ்த்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"இருமினா ரத்தம் வருது நர்சம்மா. மகளைப் பக்கத்துல படுக்க விடுறதில்லை. ஏன்னு கேட்டு அழுகுது, சொல்லலை" என்றார். "அவளுக்கு நாள் குறிச்சாச்சு. கல்யாணம் முடியற வரைக்கும் ஒரு காக்கா குருவிக்குத் தெரியக்கூடாது. டாக்டரை மட்டும் எப்படியாவது வரச் சொல்லுங்க."

ஒருவருக்கும் தெரியவராது என்று வாக்குக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகளைக் கொடுக்கப்போகும் இடம் எது என்று வெளியே வரும்போது சொன்னார். போர்டுத் தலைவரின் மகன்தான் மாப்பிள்ளை.

தாள்களை எல்லாம் ஆபீசில் ஒப்படைத்தேன். கொஞ்ச நாள் கழித்து வேறு ஏதோ வேலையாக அங்கே போனால், ஹெட் கிளார்க் அந்தக் கட்டைப் பிரித்து வைத்து, மைக்கூடும் தூரிகையுமாக உட்கார்ந்திருக்கிறார். உள்ளூர்க்காரர், நல்ல மனிதர். மறுநாள் காலை போர்டுக் கூட்டம். விசாரணைத் தாள்களை மெம்பர்கள் பார்வைக்கு மேசையில் வைக்க வேண்டும் என்பது விதி. பெண்களின் பேரையெல்லாம் மையால் அழித்துக்கொண்டிருந்தார்.

"பாருங்கம்மா, ஒரு பொம்பளை பேராவது தெரியுதா?" என்றார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"விலாசம் அப்படியே இருக்கே?"

"விலாசத்துல என்னம்மா ரகசியம்? வாசல்ல எழுதியிருக்கு, குடத்துல வெட்டியிருக்கு. ஊருக்கே தெரிஞ்சதைப் போய் மறைப்பாகளா?"

அவரிடம் கோபப்பட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். வீட்டுப் பெண்களின் பேரை நாலு பேர் நடுவில் எடுக்கக் கூடாது என்பதுதான் அவர் கற்ற மரியாதை. அதைச் சுத்தமாகச் செய்திருந்தார். விலாசம் என்பது அவருக்கு மறைக்கிற பொருளே இல்லை, ஊரறியக் காட்டுகிற பொருள். வெளியூர்க் குமாஸ்தா யாராவது இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்து அழித்திருப்பான். விலாசமும் அடுப்பும் தெரிந்தால், அந்த அடுப்புக்கு ஒரே பெண்தானே! பேரை அழித்து என்ன, எழுதி என்ன? விலாசத்தையும் எடுங்கள் என்றேன். தலைவர் உத்தரவு இல்லாமல் முடியாது என்றுவிட்டார்.

மெம்பர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பங்காளி, இல்லாவிட்டால் சம்பந்தி. மறுநாள் பத்து மணிக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் பதினோரு மணிக்கு அந்தக் கல்யாணம் நின்றுவிடும். நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். காரணம் கேட்பார், சொல்ல முடியாது. அவர் வீட்டுச் சம்பந்தத்தைப் பற்றி அவரிடமே மறைக்கவேண்டும். போகிற வழியில் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வாசலில் நிற்கவில்லை, எல்லாம் ஓடிவிட்டன.

"வாங்க நர்சம்மா. என்ன, மூஞ்சி இப்படிச் சிவந்துருக்கு?"

"நாளைக்கு அந்தத் தாளுகளை மேசையில வைக்கக் கூடாதுங்க. வைக்கிறதா இருந்தா விலாசத்தை வெட்டிட்டு வைக்கணும்."

"ஏன், எந்த வீட்டுல என்ன இருக்கு?"

"சொல்ல மாட்டேங்க."

"போர்டுத் தலைவர் கேக்குறேன்."

"வெளிய போகாதுன்னு தண்டோரா போடச் சொன்னதும் போர்டுத் தலைவர்தானுங்களே."

அவர் வெற்றிலையை மடிப்பதை நிறுத்தினார். "மெம்பருக எல்லாம் நம்ம ஆளுக. அவுகளுக்குத் தெரிஞ்சா அது வெளிய போனதா?"

"நம்ம ஆளுகங்கிறதுதான் எனக்குப் பயமே. மெட்ராசுக்காரர் பாத்தா அவருக்கு அது வெறும் எழுத்து. நம்ம ஆளுக பாத்தா அது ஒரு ஆச்சியோட மொகம்." எனக்குக் குரல் ஏறிவிட்டது. ஏறினது ஏறினதுதான் என்று மிச்சத்தையும் சொன்னேன். "உங்க வீட்டுத் தாளும் அந்தக் கட்டுலதான் இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்று முதல் நாள் என்னை அனுப்பியவரே அவர்தான். அதை மறந்தே போயிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, அந்த வீட்டு ஆச்சி, எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, என்னையும் பார்க்காமல் அவரையும் பார்க்காமல் உள்ளே போனார்.

"அவ என்ன சொன்னா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அதையும் சொல்ல மாட்டேங்க."

"எனக்கேவா?"

"உங்களுக்கும்தான்."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். போனால் போகட்டும், பிரசவம் பார்க்கத் தெரிந்தவளுக்கு எந்த ஊரிலும் சோறு உண்டு. அவர் வெற்றிலைத் தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு, "மோரைக் குடிங்க. காலையில வெள்ளன ஆபீசுக்கு வந்துருங்க" என்றார்.

காலையில் அவரே கிளார்க்கிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தார். தாள்களின் மேல்பாகத்தை வெட்டி, இரண்டு துண்டிலும் ஒரே எண்ணைப் போட்டு, விலாசத் துண்டுகளை டாக்டரின் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். அடித்த மை காய்வதற்குள் கத்தரிக்கோலைப் பிடிக்க வேண்டிவந்ததில் கிளார்க்குக்கு என் மேல் மனத்தாங்கல்தான். கூட்டத்தில் ஒரு மெம்பர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யார் வீடுன்னு தெரியாம இதை வச்சு என்னத்தைச் செய்ய?" என்றாராம். "எத்தனை வீடுன்னு தெரியுதுல்ல, மருந்து வாங்கலாம்" என்று தலைவர் அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்.

டாக்டரோடு அந்த ஆச்சி வீட்டுக்குப் போனேன். டாக்டர் அவரையும் மகளையும் பார்த்துவிட்டுக் கிளம்பியதும், "கூட்டத்துல வந்துச்சா?" என்று ஆச்சி கேட்டார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். வரவில்லை என்றேன். அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது. அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிப்போட்டது.

"அப்ப நானே போய்ச் சம்பந்தி ஆச்சிகிட்டச் சொல்லிர்றேன்."

"அடியாத்தி! ஒருத்தருக்கும் தெரியாம முடிஞ்சிருச்சே, இப்ப எதுக்கு?"

"மேசைக்கு வந்திருந்தா மறைச்சவளா நிப்பேன். இப்பப் போனா சொன்னவளா நிப்பேன். என் மக வாழப்போற வீடு நர்சம்மா."



கல்யாணம் நடந்தது. குறித்த நாளிலேயே நடந்தது. முகப்பில் சீர்ப் பாத்திரங்களைப் பரப்பியிருந்தார்கள். குடத்துக்குக் குடம் விலாசம் பளபளத்தது. பெண்ணின் தாய் பந்தலுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் போட்டுக் கொடுத்தது தலைவர் வீட்டு ஆச்சி. அவர்தான் என்னைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"சம்பந்தி வந்து எல்லாத்தையும் சொன்னாக. பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரு சொன்னதையும் சொன்னாக. இவ்வளவு துணிஞ்சு சொல்றவுக மகளை நான் எங்க போய்த் தேட?" என்றார். பிறகு சிரித்தார். "எங்க வீட்டுக்காரக இன்னமும் கேக்காக, நர்சம்மாகிட்ட என்ன சொன்னேன்னு."

நானும் சிரித்தேன். ஏனென்றால் அவர் வீட்டுத் தாள் வெறும் தாள். முதல் நாள் நான் போனபோது, சொல்வதற்கு ஒன்றுமில்லை, இஷ்டமில்லை என்று என்னை அனுப்பிவிட்டார். வெறும் தாளாக இருந்தாலும் அது அவருடைய தாள். அதனால்தான் தலைவரிடம் அதையும் சொல்லவில்லை.

ஆச்சி சிரிப்பை நிறுத்திவிட்டு என் காதருகே குனிந்தார். அப்போதுதான் அவர் கை என் கைக்குள் சுடுவதைக் கவனித்தேன்.

"எனக்கும் கொஞ்ச நாளா சாயங்காலமானாக் காய்ச்சல் அடிக்குது. நாளைக்கு வந்து என் தாளை எழுதிக்கிட்டுப் போங்க" என்றார். "விலாசத்தை நீங்களே வெட்டிருங்க."