காதர் பாய் அடித்த சாம்பல் நிறம்

காதர் பாய் இறந்த செய்தி நம் மாடல் விமானக் குழுவின் வாட்ஸ்அப்பில் காலை ஏழு மணிக்கு வந்தது. எட்டு மணிக்குள் கைகூப்பும் படங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. ‘வண்ணங்களின் பேராசான்’ என்று தலைவர் எழுதியிருந்தார். சிட்லபாக்கத்தில் அடக்கத்துக்கு நம் குழுவிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். தலைவர் அதில் இல்லை.

குழுவினரே, உங்களுக்கு மறதி வசதியாக இருக்கிறது. அதனால் நினைவுபடுத்துகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடத்தினோம். விமானம் பழுதுபார்க்கும் பட்டறையில் பெயிண்டராக இருந்த காதர் பாய், ஒரு பழைய வெளிநாட்டுப் பயிற்சி விமானத்தின் மாடலைக் கொண்டுவந்திருந்தார். விமானி உட்காரும் அறையின் உட்புறத்துக்கு நீலம் கலந்த சாம்பல் நிறம் பூசியிருந்தார். மற்றவர்களுடையதெல்லாம் பச்சை. மாடல் பெட்டியில் போட்டிருந்த பச்சை.

“ஆதாரம் இருக்கா பாய்? புக், போட்டோ ஏதாவது?” என்று கேட்டார் தலைவர்.

“நம்ம ஊருக்கு வந்தப்புறம் ரிப்பேருக்கு எடுத்தப்ப, உள்ள மொத்தமும் சுரண்டிட்டு வேற பெயிண்ட் அடிச்சோம் சார். நானே அடிச்சது.”

“அது நீங்க சொல்றது. போட்டோ?”

“உள்ள படுத்துகினு பெயிண்ட் அடிக்கிறவன் போட்டோவா புடிச்சிகினு இருப்பான்?”

மண்டபமே சிரித்தது. டிக்கெட் வாங்காமல் ஒரு விமானத்தையும் தொட்டுப் பார்த்திராதவர்கள் சிரித்தார்கள். நடுவர்களில் ஒருவனான நானும் சிரித்தேன். ‘உட்புற நிறம் தவறு’ என்று எழுதிப் பத்துக்கு இரண்டு போட்ட புத்திசாலி நான்தான். வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்து அடித்த பச்சைக்கு முதல் பரிசு போனது. காதர் பாய் தன் மாடலைச் செருப்பு டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதன்பின் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

போன வருடம் வண்டலூர் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் அதே வகை விமானம் காட்சிக்கு நிற்பதைப் பார்த்தேன். அனுமதி வாங்கி ஏறினேன். வெயில் பட்ட இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. இருக்கையைக் கழற்றித் தரச் சொன்னேன். அடியில், வெயிலே படாத தகட்டில், நீலம் கலந்த சாம்பல் அப்படியே இருந்தது. போட்டோ கேட்ட தலைவருக்குப் போட்டோ அனுப்பினேன். ‘ஒரு விமானத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது’ என்று பதில் வந்தது.

அன்று மாலையே காதர் பாய் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்போனைத் திருப்பித் தந்தார்.

“நான் சொன்னேன், நம்பல. தகரம் சொல்லிச்சு, நம்பிட்டீங்க. அப்ப உங்களுக்கு நான் தகரத்தவிட கம்மி. இன்னா சார், கரெக்டா?”

டீ கொடுத்து அனுப்பினார்.

இப்போது அவர் பெயரில் கோப்பை தரப்போகிறீர்களாம். நடுவராக வர என்னை அழைத்திருக்கிறீர்கள். வரமாட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். உங்கள் மேடையில் அதை யாரும் வாசிக்கப்போவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.