கமலவேணி நம்பிய ஒரே குறை

கமலவேணிக்குப் பாராட்டு என்றாலே சந்தேகம். அவள் செய்த வேலை அப்படி. காஜா பேராங் சாலையில் நாகூர் மீரான் பாயின் போட்டோ ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசினாள். ஈர்க்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, சாயத்தில் தொட்டு, கன்னத்துக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு, கறுத்த முகத்துக்குக் கொஞ்சம் கூடுதல் வெளுப்பு. அம்மைத் தழும்பு இருந்தால் தடம் தெரியாமல் எடுத்துவிடுவாள். வாங்க வந்தவர்கள், "அச்சு அசலா நானேதான்!" என்று பூரிப்பார்கள். பாயும் விடமாட்டார். "சினிமாக்காரங்க தோத்தாங்க போங்க," என்பார். எட்டு வருஷம் இதைக் கேட்டதில், புகழ்ச்சி என்பது படத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கிற சரக்கு என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

1957 செப்டம்பரில், மலாய் நாட்டின் சுதந்திரக் கொண்டாட்டத்தை ஒட்டி ஒரு பள்ளி மண்டபத்தில் மூன்று நாள் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். அவள் வீட்டில் யாருக்கும் காட்டாமல் வரைந்திருந்த படத்தை அண்ணன் சேதுராமன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அவள் சத்தம் போடவில்லை, நிபந்தனை போட்டாள்.

"என் பேரு அதுல இருக்கக் கூடாது. மூணு நாளும் ஓரமா நின்னு கேப்பேன். ஒரே ஒரு ஆளு மனசாரச் சொன்னாப் பேரு போடறேன். எல்லாம் பூச்சுன்னு தெரிஞ்சா, கழட்டிக்கிட்டு வந்து அடுப்புல வச்சிருவேன். அப்புறம் என்னை பிரஷ்ஷைத் தொடச் சொல்லாதீங்க."

"சந்தேகப்படுறதுக்கே உனக்குத் தனியா சம்பளம் குடுக்கலாம் லா," என்றார் அண்ணன்.

படத்தில் இருந்தது மாட்டுவண்டிக்கார அப்பாசாமியின் முகம். குடியுரிமைக்கு மனுப் போட ஊரே ஸ்டூடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த மாதங்களில், அவருடைய படத்தின் பிரதி ஒன்று குப்பைக் கூடையில் கிடந்தது. மூலையில் கறை, அதனால்தான் கழித்திருப்பார்கள் என்று நினைத்து எடுத்து வந்து, பார்த்துப் பெரிதாக வரைந்தாள். வெளுப்பு ஒரு சொட்டுக்கூட இல்லை. அம்மைத் தழும்பு, மாட்டுக் கொம்பு கிழித்த கன்ன வடு எல்லாம் இருந்தபடி.

முதல் நாள் குடையும் கையுமாகக் கதவோரம் நின்றாள். நல்லாருக்கு என்றவர்களில் ஒருவர் அண்ணனோடு வேலை செய்பவர். இன்னொருவர் எல்லாப் படத்துக்கும் அதையேதான் சொன்னார். மீரான் பாய் வாய் திறக்கும்போதே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் ஒரு பெண், "கண்ணு ரெண்டும் நம்மகிட்ட பேசுது," என்றாள். கமலவேணிக்கு உள்ளே ஏதோ அசைந்தது. அரை மணி கழித்து ஓர் ஆள் வந்து அதே வார்த்தையைச் சொன்னான். அசைந்தது நின்றுவிட்டது. அடுத்து அண்ணனின் கூட்டாளி தியாகு வந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு, "கண்ணு ரெண்டும்..." என்று தொடங்கினான்.

"தியாகண்ணே, அதக் குடுங்க."

"இது... சாமான் லிஸ்ட்டு, தங்கச்சி."

பிடுங்கிப் பார்த்தாள். அண்ணனின் முத்து முத்தான கையெழுத்து. யார் வர வேண்டும், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நின்று சொல்ல வேண்டும் என்று கோடு போட்டு எழுதியிருந்தது.

அவள் நேராகப் போய்ப் படத்தின் சட்டத்தைப் பிடித்தாள். ஆணியிலிருந்து தூக்கப் போகும்போது, பின்னால் மாட்டுச் சாணமும் சுருட்டும் கலந்த வாடை. அப்பாசாமி நின்றுகொண்டிருந்தார். அவசரமாகக் காகிதத்தைப் பார்த்தாள். அவர் பெயர் அதில் இல்லை.

"யாரு வரைஞ்சது இது?"

"தெரியாது மாமா."

அவர் தன் கன்னத்தைத் தடவினார். படத்தைப் பார்த்தார். மறுபடி தடவினார். "யாரா இருந்தாலும் தப்பு. வடு எனக்கு எடது கன்னத்துல. இதுல வலதுல இருக்கு. எம் மாடு என்னா, ரெண்டு பக்கமுமா குத்துச்சு?"

கமலவேணி அவர் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாஸ்தவம். நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சடித்த பிரதி அது! கூடைக்குப் போனது கறைக்காக இல்லை. இரண்டு நாளாக அந்த முகத்தைப் புகழ்ந்த ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. தினம் அவர் வண்டிக்கு ஒதுங்கி நடக்கிற அவளும் பார்க்கவில்லை. காது சுட்டது.

"மத்தது? மூஞ்சி பூரா தழும்பா இருக்கே, கோவம் வரலையா?"

"இருக்கிறதுதான? ஸ்டூடியோவுல எனக்குக் குடுத்த படத்துல ஒண்ணுகூட இல்ல. என் பொஞ்சாதி, யாரு இந்தப் புது மாப்பிள்ளைங்கிறா. இதக் காட்டுனா நான்னு தெரிஞ்சுக்குவா." கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். "ஆனா மூக்குதான் சப்பை."

"சப்பை இல்ல மாமா! வெளிச்சம் நேரா விழுந்தா மூக்கு அப்படித்தான் தெரியும். நிழலப் பாருங்க, இங்க, உதட்டுக்கு மேல..."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் குரல்தான்.

"அப்ப, நீதானா அது?" என்றார் அப்பாசாமி.

"ஆமா, நான்தான்."

மூன்றாம் நாள் காலை பிரஷ்ஷோடு வந்தாள். முந்திய நாள் முழுக்க அவள் கண்ணில் படாமல் இருந்த அண்ணன், "வடுவ மாத்தப் போறியா?" என்று தூரத்திலிருந்தே கேட்டார்.

"இல்ல. ஞாயித்துக்கிழம மாமா வந்து உக்காருறேன்னிருக்காரு. அப்ப ஆளப் பாத்து வேற வரைவேன்." கீழ் மூலையில் 'கமலவேணி, காஜா பேராங்' என்று எழுதினாள். "நீங்க மட்டும் எதையும் எழுதிக் குடுக்காம இருங்க."

அதற்குப் பிறகு அவள் ஐந்து கண்காட்சிகளில் படம் வைத்தாள். புகழ்கிறவர்களை அப்போதும் நம்பவில்லை. "சரி, கொறை என்னா?" என்பாள். சொன்னவரோடு படத்தின் முன் நின்று சண்டை போடுவாள். மூலையில் பெயர் மட்டும் முதல் நாளே இருக்கும்.