எட்டு மாதமாக வராத பின்னூட்டம்

திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரே மக்களுக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். தனியாக வசிக்கிறேன். அதிகம் பேசவும் மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், வலைப்பூ பற்றி ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு நானும் ஒன்று தொடங்கினேன். ஞாயிறுதோறும் பிரௌசிங் சென்டருக்குப் போய், மனு கொடுக்க வருபவர்களைப் பற்றி எழுதி, ‘சேமி’யை அழுத்திவிட்டு வருவேன். அடுத்த வாரம் முதல் வேலையாக, பின்னூட்டம் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எட்டு மாதமாக ஒன்றுகூட வரவில்லை. பத்தாவது படித்தவள் எழுத்தை யார் மதிப்பார்கள் என்று மனம் விட்டுப்போனது.

ஒரு ஞாயிறு, சென்டர் நடத்தும் மாலாவிடம், "எல்லாத்தையும் அழிக்கணும்மா, எப்படின்னு காட்டு" என்றேன்.

திரையைப் பார்த்த மாலா சிரித்துவிட்டாள். "அக்கா, நீங்க ஒண்ணைக்கூட வெளியிடவே இல்லையே. முப்பத்தோரு கட்டுரையும் உள்ளயே கிடக்கு. மனுவை அடிச்சு பையிலயே வச்சிருந்தா கலெக்டர் எப்படிக்கா படிப்பாரு?"

அடித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது, கொண்டுபோய்ச் சேர்ப்பது மனுதாரர் பாடு என்றே பழகியிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும், யாரும் என்னை ஒதுக்கவில்லை என்று தெரிந்ததில் கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் ‘வெளியிடு’வை அழுத்தியதும் எழுந்துபோய், பக்கத்துக் கணினியில் அதைத் திறந்து, யாரோ எழுதியதைப்போல முழுவதும் படிக்கிறேன். அதன் பிறகே வீட்டுக்குக் கிளம்புகிறேன். இதுவரை இரண்டு பின்னூட்டம் வந்திருக்கிறது. ஒன்று மாலா போட்டது.