கம்பளிக் கோட்டும் வெறுந்தோளும்

காலை ஏழு மணி. பண்ணைக்காட்டில் விடாத தூறல். கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினேன். பெருமாள்மலைக்கு மேலே ஒரு பழைய பங்களாவில், வெள்ளைக்காரன் காலத்துக் கதையாக டிவி சீரியல் எடுக்கிறார்கள். உடைகளுக்குப் பொறுப்பு என் சித்தி மகன் குமரன். அந்தக் காலத்து உடுப்புகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், “நேர்லயே வந்து பாருக்கா” என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்தவர் பேச்சியம்மாள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், தலையில் துண்டு. அவரும் அங்கேதான் போகிறார், கூலியாட்களாக நடிக்கும் கூட்டத்தில் நிற்க.

“மழையில தோட்டத்துச் சோலி நின்னு போச்சும்மா. அங்கன சும்மா நடந்து போனாப் போதும்னாக.”

எட்டரைக்குப் பெருமாள்மலையில் இறங்கினோம். கொடைக்கானலுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. டீ பதினைந்து ரூபாய், வெந்நீர்தான். பனிமூட்டத்தில் மேடேறிப் பங்களாவுக்குப் போனோம்.

குமரன் நடிப்பவர்களுக்கு உடைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். துரைக்குக் கம்பளிக் கோட்டு, தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ். துரைசானிக்குக் கழுத்துவரை பொத்தான் போட்ட கவுன், கையுறை, சால்வை. ஆண் கூலிகளுக்கு இடுப்பில் துண்டும் தலைப்பாகையும். பெண் கூலிகளுக்கு ஏற்றிக் கட்டிய முரட்டுச் சேலை மட்டும்.

“சட்டை எங்கப்பா?” என்று கேட்டார் பேச்சியம்மாள்.

“அந்தக் காலத்துல ரவிக்கை ஏதும்மா? நிறையப் பேரு அப்படித்தான் இருந்தாங்க.”

குமரன் சொன்னது பொய்யில்லை.

“எல்லாரும் அப்படி இருந்தா வெக்கம் ஏதுப்பா? இப்ப நாங்க மட்டும்ல நிக்கணும். எம் மகன் பாத்தான்னா என் மூஞ்சியில முழிக்க மாட்டான்.”

“தூரத்துல நடந்து போறீங்க. முதுகுதான் தெரியும். நான் பொறுப்பு.”

அந்த வார்த்தையை நம்பி உடை மாற்றினார். தூறலில் வெறுந்தோளோடு நடந்தார். ‘கட்’ என்றதும் இரண்டு பேர் குடையும் போர்வையுமாக ஓடினார்கள். ஏற்கெனவே கம்பளிக்குள் இருந்த துரைசானியிடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டைரக்டர் பேச்சியம்மாளைக் காட்டினார். “அந்தம்மா நடுங்குறது அவ்வளவு இயல்பா இருக்கு. முகத்தைக் கிட்டக்கப் போய் எடுங்க.”

குமரன் குனிந்து தொப்பிகளை அடுக்கத் தொடங்கினான்.

“அவங்களுக்கு முகம் தெரியக் கூடாதாம் சார்” என்றேன்.

“நீங்க யாரும்மா?” என்றார். அவ்வளவுதான்.

பேச்சியம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்தார். உதவியாளர் ஒருவர் வந்து அதைச் சரித்துவிட்டார். கேமரா முகத்தருகே நின்றது. படம் எடுத்து முடித்துக் கைதட்டினார்கள்.

மாலை ஐந்து மணி பஸ்ஸில் சட்டை, ஸ்வெட்டர், துண்டு எல்லாம் போட்டும் அவருக்கு நடுக்கம் நிற்கவில்லை. என் போர்வையைப் போர்த்திவிட்டேன். பாதி வழியில் கேட்டார்.

“எத்தன மணிக்கும்மா டிவியில போடுவாக?”

“ராத்திரி எட்டு மணிக்காம்.”

“அப்பத்தான் அவன் சோறு திங்க உக்காருவான்.” ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். “காத்தடிச்சா எங்க ஊருல கரண்டு போயிரும். அன்னைக்கின்னு பாத்துப் போயிரணும் சாமி.”

எனக்கும் வேறு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.