ஈரச் சுவரில் மஞ்சள் தண்ணீர்

எங்கள் வீட்டுச் சாமி அறையின் இடது சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஓர் ஒட்டு இருக்கிறது. வெள்ளை அடித்தாகிவிட்டது, மற்றவர்களுக்குத் தெரியாது. நான் கும்பிட உட்கார்ந்தால் முருகன் படத்துக்கு முன்னால் கண் அங்கேதான் போகிறது.

புந்தோங்கில் எங்களுடையது சின்ன வீடு. ஹால் மூலையை அடைத்துச் சாமிக்கென்று ஓர் அறை வேண்டும் என்பது என் பல வருட வேண்டுதல். அதைக் கட்டித் தந்தவன் என் மனைவியின் தம்பி. ஜெலாப்பாங் தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது அவனுக்கு வேலை போயிற்று. பிறகு ஜிப்சம் பலகைச் சுவர் வேலையைக் கற்றுக்கொண்டு, அப்போதுதான் தனியாக இறங்கியிருந்தான். எங்கள் அறைதான் அவன் முதல் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூஜைக்குக் கோவில் செயலாளரை அழைத்திருந்தோம். கோவில் மண்டபத்திலும் இரண்டு அறைகள் அடைக்க வேண்டியிருந்தது; அந்த வேலை அவனுக்குக் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம்.

"மச்சான், அவரு நம்ம சுவத்த பாத்தா போதும். நான் வாயே தொறக்க வேணாம் லா" என்றான்.

பொய்யில்லை. பலகைகள் சேரும் இடமெல்லாம் காகித டேப் ஒட்டி, திருகாணித் தலைகளை மூடி, ஸ்கிம் என்ற பூச்சு மாவைத் தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, அகலத் தகட்டால் இரண்டு முறை இழுத்தான். கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, "எங்கயாச்சும் நெழல் விழுதா பாருங்க" என்றான். ஒரு நிழலும் விழவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னான்: "நாளைக்கு முழுக்க காயட்டும். தண்ணி பக்கமே காட்டாதீங்க. சனிக்கிழம நான் வந்து தேச்சி பெயிண்ட் அடிக்கிறேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுச் சுவர் எழும்பி, வெள்ளிக்கிழமையும் வந்து, ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. தெளிக்காமல் விட்டு வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முடிக்க வேண்டும் என்று சொம்பில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலைக் கொத்தை முக்கி, மூன்று பக்கமும் தெளித்தேன். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

தண்ணீர் வழியவில்லை. சுவர் குடித்துவிட்டது. குடித்த இடமெல்லாம் மஞ்சள். பதறிப்போய் ஈரத் துணியால் துடைத்தேன். பூச்சு குழைந்து துணியோடு வந்தது. இடது பக்கம் கீழே பலகை சேரும் இடத்தில் டேப்பே தெரிந்தது.

அப்போதே அவனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். வாளியில் மிச்சமிருந்த மாவைக் கரைத்து நானே மூடினேன். சனிக்கிழமை அவன் வந்தான். "நல்லா காஞ்சிருச்சா மச்சான்?" என்று கேட்டான். "காஞ்சிருச்சு" என்றேன். அவனும் நம்பி, தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூஜையில் என் மனைவி குத்துவிளக்கை ஏற்றி இடது சுவரோரம் வைத்தாள். விளக்கு வெளிச்சம் சுவரில் பக்கவாட்டாக விழுந்தது. கீழே கொப்புளம் போல ஒரு புடைப்பு, அதன் ஓரத்தில் மஞ்சள் கோடு. செயலாளர் விபூதி பூசிக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, பூஜ முடியறதுக்குள்ள சுவத்துக்கு அம்ம போட்டிருச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். மைத்துனன் என்னைப் பார்த்தான். நான் கற்பூரத் தட்டைப் பார்த்தேன்.

"டேப் சரியா ஒட்டல போல அண்ணே. நான்தான் கவனிக்கல" என்றான்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து அந்த இடத்தைச் சுரண்டினான். டேப் மஞ்சளாக உரிந்து வந்தது. அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு புது டேப் ஒட்டினான். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வரை எனக்குச் சாமி கும்பிட முடியவில்லை. அன்றைக்குக் கோவிலில் செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீர் தெளித்தது, துடைத்தது, மூடியது எல்லாவற்றையும் சொன்னேன்.

"முந்தாநாளே வேற ஆளுக்கு சொல்லிட்டனே. அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மைத்துனன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவனிடமும் சொன்னேன்.

"டேப்ப உரிக்கும்போதே தெரியும் மச்சான்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான். என் மனைவியிடம் ரசம் கேட்டு வாங்கி, சோற்றில் ஊற்றிப் பிசைந்தான்.

அடுத்த மாதம் சுவர் வேலையை விட்டுவிட்டு வேறொரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த அகலத் தகடு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நானும் கழுவி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். அவன் கேட்கவில்லை.